குண்டு படாதவர்கள்

பிள்ளைகளே, டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மெஷினைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். கொஞ்ச நாள் போனால் அந்த மெஷின் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். அது மின்சாரத்தின்மேல் நிற்கிறது. சுத்தமான தண்ணீரின்மேல், ரத்தம் ஓட்டுவதற்குக் கப்பலில் வரும் குழாய்களின்மேல், காலையில் பஸ் பிடித்து வேலைக்கு வரும் உங்கள்மேல் நிற்கிறது. இதில் ஒன்று கழன்றால் போதும், கட்டிலில் கிடப்பவர் கதை முடிந்துவிடும்.

போன வாரம் உங்களுக்கு வகுப்பெடுக்க வந்தபோது டூட்டி அறையில் டி.வி.யில் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உங்களில் ஒருத்தி கேட்டாள், பட்டாளக்காரன் பட்டாளக்காரனோடு சண்டை போட்டால் மற்ற ஜனங்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று. போன நூற்றாண்டுப் போர்களில் மட்டும் ஏன் இத்தனை கோடிப் பேர் அகப்பட்டார்கள் என்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியும் கோட்டாற்றுக்காரர் ஒருவரும்தான். அதைச் சொல்கிறேன்.

ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த வருடம் அது. எனக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. ஊர் கருங்கல் பக்கம், படித்தது நெய்யூரில். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் வேலை. எங்கள் மேட்ரன் கோட்டயம் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். எங்களுக்குள் பேச்சு பாதி மலையாளமும் பாதி தமிழுமாக ஓடும்.

மீரான் காக்கா அங்கே எங்கள் நோயாளி; அண்ணன் முறைக்குத்தான் காக்கா என்று கூப்பிடுவோம். நாகர்கோவில் கோட்டாற்றில் பிறந்தவர், குவைத்தில் சொந்தத் தையல்கடை வைத்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களிடம் வந்து படுப்பார், எழுந்து போய் மறுபடி சட்டை வெட்டுவார். நம் ஊர்ப் பேச்சு கேட்கும் என்பதற்காகவே என் டூட்டி நேரம் பார்த்து வருவார்.

படை நுழைந்த முதல் சில நாட்களில் குண்டடி பட்டவர்கள் வருவார்கள் என்று கட்டில்களைக் காலி செய்து வைத்தோம். கொஞ்சம் பேர் வந்தார்கள். அதற்கப்புறம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேல் ஒரு கீறல்கூடக் கிடையாது. இன்சுலின் தீர்ந்துபோனவர்கள். பிரசவ வலி வந்து வழியிலேயே பட்டாளச் சாவடியில் நிறுத்தப்பட்ட பெண்கள். ஆஸ்த்மா மருந்து கிடைக்காத குழந்தைகள். இன்னொரு பக்கம், எங்கள் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். துணி வெளுக்கிறவர் வரவில்லை. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வரவில்லை. மெஷின் பழுது பார்ப்பவர் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட்டார். அவர் போன பிறகுதான் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

தண்ணீர் குறைந்தபோது இளவயது டாக்டர் ஒருவர் மேட்ரனிடம் வந்தார். பிழைக்கக்கூடியவர்களாக, வயது குறைந்தவர்களாகப் பொறுக்கி, அவர்களுக்கு மட்டும் முழு நேரம் கொடுக்கலாம் என்றார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

மேட்ரன் கேட்டார்: "பொறுக்குறது யாரு டாக்டர்?"

"நாம்தான்."

"இன்னைக்கு வயசு பாத்துப் பொறுக்குவோம். நாளைக்கு எந்த நாட்டுக்காரன்னு பாப்போம். அதை நம்மளச் செய்ய வைக்கத்தான் வெளிய பட்டாளத்து ஆளு நிக்குது. எல்லாருக்கும் நேரத்தைக் குறைப்போம்."

அப்படியே செய்தோம். எல்லாருக்கும் கால் வீங்கியது, எல்லாருக்கும் மூச்சு வாங்கியது, யாரும் சாகவில்லை. அந்த டாக்டர் அந்த வாரமே ஊரை விட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கைக்குழந்தை இருந்தது.

ஒருநாள் தண்ணீர் லாரிக்காக வாசலில் காத்து நின்றபோது மேட்ரனிடம் கேட்டேன், "நீங்க ஏன் போகல்ல மேடம்?" அவருடைய அப்பா காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. கப்பல் நின்றது. அவர்கள் ஊரில் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு விமானம் பறக்கவில்லை. அப்பாவின் தங்கைகள் இரண்டு பேர் பட்டினியிலும் அதற்குப் பின் வந்த காய்ச்சலிலும் போனார்கள்.

"எங்க வீட்டுலயும் மரச்சீனிக் கெழங்கு தின்னுதான் பெழச்சோம்னு அப்பா சொல்லுவாரு" என்றேன். நம் பக்கமும் அப்போது திருவிதாங்கூர்தானே.

"ஆமா. அந்தப் பிள்ளையள எந்தப் படை கொன்னுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "கப்பல் நின்னுது, அவ்வளவுதான். இஞ்சயும் நின்னாச்சு. பட்டாளக்காரனப் பாத்து பயப்படு, தப்பில்ல. ஆனா அந்தக் குழாய்ப் பெட்டி இருக்குல்லா, அதையும் பாத்துட்டே இரு."

அடுத்து நடந்ததை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

முற்பகல் நேரம். தண்ணீரின் வேகம் போதாமல் இரண்டு மெஷின்கள்தான் ஓடின. ஒன்றில் குவைத்துக்காரப் பாட்டி, அப்போதுதான் ஏற்றியிருந்தோம், நிலைமை மோசம். மற்றதில் மீரான் காக்கா, பாதி நேரம் முடிந்திருந்தது. கதவு திறந்தது. ஈராக் படை அதிகாரி ஒருவர், பின்னால் இரண்டு சிப்பாய்கள், போர்வையில் அவர்கள் தூக்கி வந்த இன்னொரு சிப்பாய். கட்டடம் சரிந்து சுவர் விழுந்ததில் அவன் கால்கள் இரண்டும் வெகுநேரம் நசுங்கிக் கிடந்திருக்கின்றன. எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே டாக்டர் மேல்மாடியில் ஆபரேஷனில் இருந்தார். அதிகாரியின் கையில் துப்பாக்கி.

"இவனுக்கு மெஷின் வேண்டும். இப்போதே."

காலி இல்லை என்றேன். அவர் இரண்டு கட்டிலையும் பார்த்தார். துப்பாக்கியின் முனையால் மீரான் காக்காவைக் காட்டினார். "அவன் யார்? இந்தியக்காரன்தானே. கழற்று."

என் கை மீரான் காக்காவின் முழங்கையில் இருந்தது. ஊசி போடுவதற்காகத் தமனியைச் சிரையோடு இணைத்துத் தைத்த இடம் அது, ரத்தம் ஓடும் அதிர்வு விரலில் தெரியும், உங்களுக்குத் தெரியுமே.

மேட்ரன் வந்தார். கீழே கிடந்தவனை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் அரபியில், வார்டு பையனிடம் வாளியை நகர்த்தச் சொல்கிற குரலில் சொன்னார்: "துப்பாக்கி இந்த அறைக்கு வெளியே போக வேண்டும். அதன் பிறகுதான் நான் இவனைத் தொடுவேன்."

"நான் யார் என்று உனக்குப் புரிகிறதா?"

"புரிகிறது. இவனைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு வந்தவர். நாம் பேசிக்கொண்டிருப்பது இவனுடைய நேரம்."

இரண்டு மெஷின்களும் சுற்றிக்கொண்டிருந்தன. சிப்பாய்களில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். அதிகாரி துப்பாக்கியை அவனிடம் கொடுத்தார். அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"மோளே, ஈ.சி.ஜி. எடு" என்றார் மேட்ரன் என்னிடம்.

எடுத்தேன். காகிதத்தில் அலைகள் கூடாரம் கூடாரமாக நிமிர்ந்து நின்றன. நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்துவிட்டது. நெஞ்சு எந்த நிமிடமும் நின்றுவிடும். மேட்ரன் அதை நிதானமாகப் பார்த்தார். தற்காலிகத்துக்கு ஊசி மருந்து ஒன்றைப் போட்டார். காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாட்டியைக் கழட்ட முடியாது. மீரான்ட்ட நீ பேசு. நான் பேசினா உத்தரவு மாதிரி இருக்கும்."

நான் குனிந்தேன். "காக்கா, ஒரு காரியம் சொல்லணும்."

"கேட்டுட்டுத்தான கெடக்கேன். என்னைய கழத்தப் போறியளா?"

"ஆமா."

"அவன் துப்பாக்கி வச்சிருக்கான்னா?"

"துப்பாக்கி வெளிய போயாச்சு. அந்தாளுக்க நெஞ்சு இப்பம் நின்னுரும் காக்கா. உங்களுக்கு நாளை வரைக்கும் தாங்கும். அதுக்காவத்தான்."

"நாளைக்கு லாரியில வெள்ளம் வருமா? மெஷினு ஓடுமா?"

"தெரியாது காக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எனக்க கடைப் பூட்டை ஒடச்சு தையல் மெஷினெல்லாம் தூக்கிட்டுப் போனானுவ. அதுல ஒருத்தனா இவன் இருந்தா?"

"இருக்கலாம்."

"கழத்துங்கோ" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெருந்தன்மையில் சொல்லவில்லை. கோபத்தில்தான் சொன்னார். ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தியபோது என் கையைத் தட்டிவிட்டுத் தானே அழுத்திக்கொண்டார்.

அவர் இறங்கினார், இவன் ஏறினான். அலைகள் மெல்லத் தணிந்தன.

அன்று மாலை மேட்ரனிடம் கேட்டேன். ஈ.சி.ஜி. சரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

"கழட்டியிருக்க மாட்டேன்."

"சுட்டிருப்பானே?"

"இருக்கும். அதனாலதான் முதல்ல அதை வெளிய அனுப்பினேன். அது உள்ள இருந்தா காகிதத்துல என்ன இருக்குன்னு எனக்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது. நாளைக்கு ஒனக்கு இது மாதிரி வரும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. இந்த ஆளு கையில ஒண்ணும் இல்லாம, நடந்து வந்து வரிசையில நின்னிருந்தா நான் என்ன செய்வேன்? அதைச் செய்யி."

உங்களுக்குத் துப்பாக்கி வராது. அமைச்சரின் சொந்தக்காரர் வருவார், ஆள் கூட்டிக்கொண்டு வருகிற மகன் வருவான், மேலிடத்து போன் வரும். அப்போதும் இதே கேள்விதான். சில சமயம் மிரட்டுகிறவன் கேட்பதே சரியாகவும் இருக்கும். அதைச் செய்ய இன்னும் கூடுதல் தைரியம் வேண்டும், பயந்து செய்தாள் என்று நாலு பேர் சொல்லுவார்கள்.

அதிர்ஷ்டம், மறுநாள் தண்ணீர் வந்தது. மீரான் காக்காவும் அந்த ஆளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார்கள். அவனுக்கு நினைவு தெளிந்திருந்தது. மீரான் காக்கா என்னிடம், "இவன் ஊர்ல என்ன வேலை பாத்தான்னு கேளுங்கோ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முந்தைய ஈரான் சண்டைக்கு ஒருமுறை பிடித்துக்கொண்டு போய், விட்டிருக்கிறார்கள். இப்போது மறுபடியும். அவன் வகுப்பில் படித்த பையன்களே அவனோடு லாரியில் வந்தார்களாம்.

"வரமாட்டேன்னு சொல்லலாம்லா?" என்று கேட்கச் சொன்னார் மீரான் காக்கா.

"நான் வராவிட்டால் என் தம்பியைக் கொண்டுபோவார்கள்" என்றான் அவன்.

மீரான் காக்கா தலையை என் பக்கம் திருப்பினார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "பாவம்னு சொல்ல எனக்கு மனசு வரல்ல. ஆனா அவன் பொய் சொல்லல்ல."

உங்களில் அந்தப் பெண் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த இரண்டு கட்டிலுக்கு நடுவில் இருக்கிறது. ராஜாக்கள் காலத்துச் சண்டையும் ஊரை எரித்திருக்கிறது, பட்டினி போட்டிருக்கிறது. ஆனால் கூலிப்படை ஓரிடத்தில் மோதி முடித்தால் பக்கத்து ஊர்க்காரன் உழவைத் தொடரலாம். போன நூற்றாண்டில் அது மாறிப்போனது. வாத்தியாரையும் ரொட்டி சுடுகிறவனையும் சட்டம் போட்டுப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் குண்டு செய்கிற ஆலையிலும் ரயிலிலும் துறைமுகத்திலும் வேலைக்கு வைத்தார்கள். நாடே ஆயுதமானால், எதிரிக்கு நாடே குறிதான். ஆலையை அடிக்கப் பறந்த விமானம் ஆலையைச் சுற்றியிருந்த வீட்டையும் அடித்தது. பிறகு வீட்டையே குறிவைத்து அடித்தது. இதில் சாம்ராஜ்யங்கள் வேறு. முதல் உலகப் போரில் வெள்ளைக்காரனுக்காக நம் நாட்டு ஆட்கள் ஈராக்கின் பஸ்ரா பக்கத்துச் சேற்றில் விழுந்து செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சண்டையில் என்ன பங்கு? கடைசியாக, ஒருவர் அரிசியும் மருந்தும் எண்ணெயும் இன்னொருவர் கப்பலை நம்பி இருக்கிற உலகத்தில், எங்கே ஒரு கப்பல் நின்றாலும் எங்கோ ஒருவர் அடுப்பு அணைகிறது.

குழாய்ப் பெட்டிகள் அடிமட்டத்துக்கு வந்தன. ஈராக்குக்கு எதிரான தடையில் கப்பல் நின்றுவிட்டதால் இனி வராது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இந்தியர்கள் பஸ்ஸில் ஈராக் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேட்ரன் என்னைக் கூப்பிட்டார்.

"மீரானைக் கூட்டிட்டு நீ போ."

"நீங்க?"

"பாட்டி எங்க போவா? நான் நிக்கேன். பஸ்ஸுல நீ ஊர்க்காரி இல்ல, நர்ஸு. அதை மறக்காத."

புறப்பட்ட அன்று காலையில் மீரான் காக்காவுக்கு முடிந்தவரை நீண்ட நேரம் டயாலிசிஸ் செய்தோம். அதற்கப்புறம் அவருடைய உயிருக்குத் தவணை ஓடத் தொடங்கியது. தண்ணீர் தொண்டை நனைய மட்டும். பழம் கூடவே கூடாது, அதிலும் அதே பொட்டாசியம். பஸ்ரா, பாக்தாத், பிறகு முடிவில்லாத பாலைவனம். எல்லையில் பஸ் எங்களை இறக்கிவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் கூடாரங்கள், ஆயிரக்கணக்கான ஜனங்கள், அனல் காற்று. அம்மான் போக எப்போது வண்டி வரும் என்று சொல்ல ஆளில்லை.

எங்கள் ரொட்டி தீர்ந்தது. மீரான் காக்காவின் கண்ணிமைகள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினார். அந்த நிலையில்தான் நிவாரண லாரி வந்தது. பேரீச்சம்பழமும் ஆரஞ்சும். ஜனங்கள் அழுதுகொண்டே வாங்கினார்கள். ஆந்திராக்காரர் ஒருவர், கட்டட வேலை செய்தவர், தன் பங்கிலிருந்து இரண்டு ஆரஞ்சை உரித்து மீரான் காக்காவின் கையில் வைத்தார். எத்தனையோ நாள் பசி. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் தட்டிவிட்டேன். ஆரஞ்சு மணலில் விழுந்தது.

"பசிக்கிற மனுசன் கையிலிருந்து தட்டிவிடுறாளே, இவ பொம்பளையா?" என்று தமிழில் ஒரு குரல். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். மீரான் காக்காவே என்னைப் பார்த்து, "ஒரு சொளையாவது தின்னுட்டுச் சாவுறேன், விடுங்கோ" என்றார்.

கத்தினால் அடி விழும் என்று தெரிந்தது. நான் அந்த ஆந்திராக்காரரின் கையைப் பிடித்து மீரான் காக்காவின் முழங்கையில் வைத்தேன். உள்ளே ரத்தம் இரைந்து ஓடுவதை உணர்ந்து அவர் திடுக்கிட்டார். "இவருக்கு மூத்திரம் கிடையாது. மெஷின்தான் உயிர். இந்தப் பழம் உள்ளே போனால் நெஞ்சு நின்றுவிடும்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தெலுங்கிலும் ஹிந்தியிலும் சொன்னார். கூட்டம் தளர்ந்தது. அவரே போய், எங்கிருந்தோ உப்பில்லாத காய்ந்த ரொட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் வரிசையைத் தாண்டி ஓடி, நிவாரணக் கூடாரத்து டாக்டரை இழுத்து வந்தார். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், ஆம்புலன்சைக் கைகாட்டினார்.

அம்மான் ஆஸ்பத்திரியில் அவரை ஏற்றியபோது நான் தரையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். பம்பாய் வந்து, ரயில் பிடித்து, நாகர்கோவிலில் இறங்கி, கோட்டாற்றில் அவர் வீட்டில் விட்டேன். தெருவே திரண்டிருந்தது. சண்டையிலிருந்து தப்பி வந்தவர் என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள்.

அப்போது, எனக்குத் தெரிந்தவரை, நம் மாவட்டத்தில் இந்த மெஷின் கிடையாது. திருவனந்தபுரம் போக வேண்டும். அங்கும் முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். குவைத்தில் தையல்கடையிலிருந்து நடந்து வந்தவர், இங்கே விடியுமுன் பஸ் ஏறி, மாலை வரை வராந்தாவில் கிடந்து, சில நாள் செய்யாமலே திரும்பி வந்தார். அடைமழைக்காலம் முடியுமுன் போய்விட்டார். குவைத்துக்காக அமெரிக்க விமானங்கள் குண்டு போடத் தொடங்கியது அதற்குப் பிறகு, ஜனவரியில். டி.வி.யில் போர் ஆரம்பம் என்று சொன்னபோது மீரான் காக்காவை அடக்கம் செய்து வாரங்கள் ஆகியிருந்தன.

மேட்ரன் அடுத்த வருடம் கோட்டயம் திரும்பினார். பாட்டி, ஜெனரேட்டர் நின்ற பிறகு இறந்தாராம். கணக்கு வாத்தியார் கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் படைக்கே திருப்பிக் கொண்டுபோனார்களாம். பிறகு தகவல் இல்லை.

மீரான் காக்கா இறந்த வீட்டுக்கு நான் போனபோது, உறவுக்காரர்கள் வந்து வந்து ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய சண்டையில் தப்பித்து வந்தவர், பாவம், சீக்கில் போய்விட்டாரே என்று. அவருடைய மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சீக்கோட அவரு அங்க நல்லாத்தான இருந்தாரு சிஸ்டரே? சட்டை தச்சாரு, பைசா அனுப்பினாரு, சிரிச்சாரு. சீக்கு அவரை விட்டு வச்சிருந்து. சண்டையாக்கும் விடல்ல."